எட்டாம் வீட்டுப் பவழம்

முத்தமிழின் மோதிரத்தில் இருந்த பவழம் ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் துளிர்விட்டது. அன்றைக்குக் காரைக்கால்மேட்டில் வஞ்சிரம் வரத்துக் குறைவு, மத்தி விலை இறங்கியிருந்தது, அரசலாற்றில் வெள்ளம் செங்கல் நிறத்தில் ஓடியது. துளிர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பவழத்தின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதிலிருந்து சிவப்பு நூல்போல ஒரு கிளை, நெல்முளை அளவுக்கு, எட்டிப் பார்த்தது. முத்தமிழ் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எழுத்தர். பழைய ஆட்கள் இன்னும் பிரெஞ்சுக்காரன் வைத்த பெயரில் எத்தாசிவில் என்று சொல்லுகிற இடம். யாரோ ஒரு பெரியவருடைய இறப்பைப் பதிந்துகொண்டிருந்தபோதுதான் அதைக் கண்டாள். பதிந்து முடித்து, முத்திரை வைத்து, சான்றிதழைப் பெரியவரின் மகனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, அப்புறம் மறுபடி பார்த்தாள். துளிர் இருந்தது.

அந்தப் பவழம் அவள் கைக்கு வந்ததே கல்யாணத்துக்காகத்தான். ஜாதகத்தில் எட்டாம் வீட்டில் செவ்வாய். எட்டில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்று எல்லாரும் சொல்வதுதான். இவளுக்குப் பார்த்தவர் இன்னும் ஒருபடி மேலே போய், இந்தப் பெண்ணுக்குத் தாலி கட்டுகிறவன் தங்கமாட்டான் என்று சொல்லிவிட்டார். அப்போது அவள் பள்ளிக்கூடம் போகிற வயது. கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவள் அதை யாரிடமும் திருப்பிச் சொல்லவில்லை, உள்ளே போட்டுப் பூட்டிக்கொண்டாள். வளர்ந்தபின் ஒரு வரன் வந்து பூ வைத்துவிட்டுப் போனது. போன மாப்பிள்ளை வழியில் வண்டியோடு விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். கால் கூடிவிட்டது, கல்யாணம் கூடவில்லை. அதற்குப் பிறகு எந்த ஆண்பிள்ளையாவது அவள் மேசைக்குப் பக்கத்தில் நெடுநேரம் நின்றால்கூட அவளுக்கு மனசு படபடக்கும். பாவம், அந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று.

சனி என்றால் பக்கத்திலேயே திருநள்ளாறு இருக்கிறது. செவ்வாய்க்கு வைத்தீஸ்வரன்கோவில்வரை போகவேண்டும். புருஷனை இழந்து ஒற்றைப் பெண்ணை வளர்த்த அவள் அம்மா அஞ்சுகம், வாரம் தவறாமல் பஸ் ஏறினாள். கோவில் வாசலில் யாரோ பவழ மோதிரம் போடச் சொன்னார்கள். அம்மாவும் மகளும் கடைத்தெருவில் காஜா நஜ்முதீனின் கல் கடைக்குப் போனார்கள். அவர் வெள்ளைக் காகிதத்தை விரித்துப் பவழங்களைப் பரப்பினார். காரட் நிறத்தில் சில, மாதுளை முத்து நிறத்தில் சில, காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் ஒன்றிரண்டு.

“விளக்கு வெளிச்சத்துல கல்லு வாங்கக் கூடாதும்மா. வாசலுக்கு வாங்க, வெயில்ல வச்சுப் பாருங்க” என்று காகிதத்தோடு தூக்கிக்கொண்டு வந்தார். “கெம்பு, மரகதம், நீலம் எல்லாம் மண்ணுல வெளஞ்சது. இது கடல்ல உசுரோட இருந்தது. அதனால பத்தியம் உண்டு. சோப்பு ஆகாது, சென்ட்டு ஆகாது, எலுமிச்சம்பழம் பட்டா பொங்கிப் போயிடும். படுக்கப் போகையில கழட்டி, ஈரத்துணியால துடைச்சு, தனியா மெத்துன்னு வைங்க. கெம்புத் தோட்டோட ஒரே டப்பாவுல போட்டீங்கன்னா கீறிடும்.”

“போட்டா தோஷம் போயிடுமா பாய்?” என்றாள் அஞ்சுகம்.

“ஜாதகம் உங்க பாடும்மா. கல்லு நல்ல கல்லு, அதுக்குத்தான் நான் பொறுப்பு.”

அஞ்சுகம் ரத்த நிறத்தில் பழுதில்லாத ஒன்றை எடுத்தாள். முத்தமிழின் கை காகிதத்தின் ஓரத்துக்குப் போயிற்று. அங்கே தனியாகக் கிடந்தது துளை விழுந்த ஒரு சின்னப் பவழம்.

“அது வேண்டாம் பாப்பா. ஓட்டைக் கல்லு. ஆகாதுன்னு ஒதுக்கி வச்சது.”

“எனக்கு இதுதான் வேணும்.”

“ஏண்டி?” என்றாள் அம்மா.

“ஒதுக்கி வச்சதாலதான்.”

அஞ்சுகத்துக்குப் புரிந்தது. அதையே மோதிரத்தில் பதிக்கச் சொன்னாள். ஆனால் பாய் சொன்ன பத்தியத்தில் அவள் மனசில் தங்கியது ஒன்றே ஒன்றுதான்: இது கடலில் உயிரோடு இருந்தது. அப்படியானால் ஈரத்துணி எதற்கு, கடல்தண்ணீர்தானே அதற்குத் தாய்ப்பால் என்று அவளாகவே முடிவு கட்டினாள். செவ்வாய்க்கிழமைதோறும் கடற்கரைக்குப் போய் ஒரு பாட்டிலில் தண்ணீர் மொண்டுவந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, மோதிரத்தை அதில் ஊறப்போட்டாள். சீக்கிரம் பலிக்கட்டும் என்றுதான் செய்தாள். பலித்தது இப்படி.

துளிர்விட்ட மோதிரத்தை முத்தமிழ் கல் கடைக்குக் கொண்டுபோனாள். காஜா நஜ்முதீன் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கிளையின் நுனியில் வெள்ளை வெளேரென்று பூக்கள், கடுகைவிடச் சின்னவை, ஒவ்வொன்றுக்கும் எட்டு இதழ். மூச்சுக்காற்று பட்டதும் மூடிக்கொண்டு, மறுபடி விரிந்தன. “எங்கிட்ட இருந்தப்ப இது மவுத்தாத்தாம்மா இருந்துச்சு, உசுரே இல்லை” என்றார். மோதிரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடுத்தார்.

தை பிறப்பதற்குள் கிளை மணிக்கட்டுக்கு வந்தது. ஆனியில் மாங்கனித் திருவிழாவின்போது வளையல் கொத்துபோல முன்கையைச் சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, வேர் மோதிரத்தின் தங்கத்தோடு நின்றுவிட்டது, தோலுக்குள் இறங்கவில்லை, ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். பயந்துபோன அஞ்சுகம் ஒருமுறை மகள் கையிலிருந்து அதை மெல்ல உருவி டப்பாவில் வைத்துப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. மகள் எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டபின்தான் சிவப்பு திரும்பியது. அலுவலகத்தில் வருகைப் பதிவுக்கு விரலை வைத்தால் இயந்திரம் இரண்டு பேர் வந்திருப்பதாகக் காட்டியது. ஒருவருக்கு மட்டும் சம்பளம் போடுவது என்று முடிவாயிற்று. பார்க்க வந்த கூட்டமும் குறைந்தது. எத்தனை நாளைக்குத்தான் ஒரு கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

மேசைக்கு அடியில் ஒரு வாளியில் கடல்தண்ணீர் வைத்துக்கொண்டு, ஆள் இல்லாத நேரத்தில் அவள் கையை நனைத்துக்கொள்வாள். தன் அப்பாவின் இறப்பைப் பதிய வந்த மாறன் அந்த வாளியைத்தான் முதலில் பார்த்தான். கருக்களாச்சேரிக்காரன், படகு இன்ஜின் மெக்கானிக்.

“இது கரைத்தண்ணி மேடம். கலங்கல். இதுல அது மூச்சுத் திணறும்.”

மறுநாள் ஆழ்கடலிலிருந்து திரும்பிய படகு ஒன்றில் பிடித்துவரச் சொன்ன தண்ணீரை ஒரு கேனில் கொண்டுவந்தான். கேனில் டீசல் நாற்றம், பூக்கள் மூடிக்கொண்டன. அதற்கு மறுநாள் புதுக் கேன். அதிலிருந்து ஒரு வருஷம் தண்ணீர் வந்தது. அவன் நின்று பேசுவதில்லை, வைத்துவிட்டுப் போய்விடுவான். அதனால்தான் அவனைப்பற்றி அவள் பயப்படாமல் இருந்தாள். ஒருநாள் நின்றான்.

“உங்க வீட்டுக்குப் பெரியவங்களை அனுப்பட்டுமா?”

“எனக்கு எட்டுல செவ்வாய்” என்றாள் அவள், வேறெதையும் யோசிக்காமல்.

“எனக்குக் கட்டமே கிடையாதுங்க. நான் பொறந்தப்ப அப்பா கடல்ல, அம்மா மயக்கத்துல. நேரம் பாக்க ஆளில்லை. எதோட எதைப் பொருத்திப் பாப்பீங்க?”

அவன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை. “இந்த ஊர்ல யார் செத்தாலும் நான்தான் எழுதுறேன். உங்க பேரையும் என் கையால எழுத வச்சிடாதீங்க. நாளைலேர்ந்து தண்ணி வேண்டாம்.”

அவன் காலிக் கேனை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் விடியலில், கோளாறு காட்டிக்கொண்டிருந்த ஒரு இன்ஜினைக் கடலில் வைத்தே பார்க்க வேண்டும் என்று அந்தப் படகோடு கிளம்பினான். கார்த்திகை மாதம். மத்தியானத்துக்குமேல் காற்று திரும்பியது. எல்லாப் படகும் வந்தது, அது வரவில்லை.

சேதி கேட்டு முத்தமிழ் அலுவலகத்திலிருந்து அப்படியே ஆட்டோ பிடித்துக் கருக்களாச்சேரிக்குப் போனாள். கரையில் பெண்கள் மழையில் நின்றார்கள். அவர்கள் நடுவில் போய் நின்று, இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். “என்னாலதான். என் ஜாதகம் அப்படி. வேண்டாம்னுதான் சொன்னேன், தாலிகூடக் கட்டலை, அதுக்குள்ள...”

அவளுக்குப் பக்கத்தில் மீன் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றவள் செங்கமலம். முன்னொரு வருஷம் புருஷனையும் கொழுந்தனையும் ஒரே படகில் அனுப்பிவிட்டு இரண்டு பேரையும் காணாதவள். அவள் முத்தமிழை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏம்மா, கடலுக்குப் போனவனைக் கடல் வச்சிக்குது. இதுல உன் கட்டத்துக்கு என்ன வேலை? இந்தா நிக்கிறாளே இவ தாலி அறுத்தவ, அவ அறுத்தவ, நான் அறுத்தவ. எங்க எல்லாருக்குமா எட்டுல செவ்வாய்?”

நின்றவர்களில் ஒருத்தி அந்த மழையிலும் சிரித்துவிட்டாள். இன்னொருத்தி அழுதாள். செங்கமலம் விடவில்லை. “பெரிய ஆளுதான் நீ. எங்க சாவையெல்லாம் நீயே எடுத்துக்கப் பாக்குற. கையை நனைச்சுக்கோ, போ. காஞ்சு கெடக்கு பாரு.”

முத்தமிழ் அலைக்குள் இறங்கிக் கையை அமிழ்த்தினாள். அத்தனை கிளையிலும் அத்தனை பூவும் விரிந்தது. செத்துக் காகிதத்தின் ஓரத்தில் கிடந்த ஒன்று, இவ்வளவு காலமும் தன் மேலேயே உட்கார்ந்து உயிர் வளர்த்துக்கொண்டிருப்பதை அவள் தினமும்தான் பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது. ஈரத்தோடு வந்து அந்தப் பெண்களோடு நின்றாள். யாரோ தார்ப்பாயின் ஒரு முனையை அவள் தலைக்கும் இழுத்துவிட்டார்கள்.

மறுநாள் வெயில் வந்தது. இன்ஜின் நின்றுபோய்க் கோடியக்கரைப் பக்கம் ஒதுங்கியிருந்த படகை இன்னொரு படகு கட்டி இழுத்துவந்தது. மாறன் இறங்கிக் கரைக்கு வந்தான்.

“இன்னிக்குத் தண்ணி வரலையே” என்றாள் முத்தமிழ்.

“கேன் கடலோட போயிடுச்சு மேடம்.”

“வேற வாங்கிக்கலாம். ரெண்டு பேருமாப் போயி.”

பொருத்தம் பார்க்காமல் கல்யாணம் நடந்தது. மாறன் மூன்றாவது முடிச்சைப் போட்டதும், ஊரெல்லாம் பெண்ணைப் பார்த்தது. அஞ்சுகம் மட்டும் மாப்பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. பல வருஷம் வந்தது. பவழம் முழங்கையோடு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டது. கவியா என்று ஒரு பெண் பிறந்தாள். பிறந்த தேதியைப் பதிந்தார்கள். மணி என்ன என்று அஞ்சுகம் கேட்டபோது, கடிகாரம் ஓடவில்லை என்று மாறன் சொல்லிவிட்டான். குழந்தை அம்மாவின் கையில் தலைவைத்துத் தூங்கினால் கன்னத்தில் கிளை கிளையாகத் தடம் விழுந்திருக்கும். கல்லை எப்படித் துடைப்பது என்று அதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை.

ஒரு ஆடி மாதத்தில், பட்டறையில் இன்ஜினுக்கு முன்னால் குந்தியிருந்தபடியே, மாறன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். அவன் அப்பாவும் அந்த வயதில் அப்படித்தான் போனார். டவுனில் சிலர், பார்த்தீர்களா செவ்வாயை என்றார்கள். அந்தச் செவ்வாய் இத்தனை வருஷமாக எங்கே போயிருந்தது என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. பதிவேட்டில் அவன் பெயரை எழுதியது வேறொரு எழுத்தர். முத்தமிழ் விடுப்பில் இருந்தாள். சான்றிதழ் வந்தபோது பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்து, மடித்து வைத்தாள். அழுதாள், நாள் கணக்கில் அழுதாள். என்னால்தான் என்று ஒருதரம்கூடச் சொல்லவில்லை.

கருமாதியன்று கருக்களாச்சேரிப் பெண்கள் அவளைக் கரைக்கு அழைத்துப்போய் உட்கார்த்தினார்கள். தாலியைச் செங்கமலமே கழற்றினாள், கிழவியாகியிருந்தாள். மூக்குத்தியைக் கழற்றினாள், பச்சைக்கல் தோட்டைக் கழற்றினாள், இடக்கை வளையலை உடைத்தாள். வலக்கைக்கு வந்து, அதைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“அதையும் எடுத்துடுங்க” என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி, மாறனுக்கு உறவுக்காரி. “தாலி அறுத்தவளுக்குக் கல்லு ஆகாது. அதுவும் சிவப்பு.”

“கல்லுன்னா கழட்டலாம். இது கல்லா?” என்றாள் செங்கமலம். “சிவப்பா இருக்குன்னு சொன்னா, இவ ரத்தத்தையும் எடுத்துருவியாடி?”

தோட்டையும் மூக்குத்தியையும் கவியாவின் கையில் கொடுத்துவிட்டு, எல்லாரும் தலைமுழுகிவிட்டுப் போனார்கள்.

முத்தமிழ் இப்போதும் வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் வந்ததும் கடலில் முழங்கால் தண்ணீரில் நின்று கையை அமிழ்த்துகிறாள். பூக்கள் விரிந்ததும் பொடிமீன்கள் வந்து கிளைகளுக்குள் புகுந்துகொள்கின்றன. அவை தாமாகப் போகும்வரை அவள் கையை எடுப்பதில்லை. கரைவலை இழுக்கிறவர்கள் அந்த நேரத்தில் அந்த இடத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் தெற்கே தள்ளி இழுக்கிறார்கள்.