வகுபடாத எண்

இறந்த மனைவி ஒரியானாவின் அடையாள அட்டையை ஒப்படைக்க லிசாந்த்ரோ ரொசாரியோ பதிவகத்துக்கு வந்திருந்தான். இருவரும் கணித ஆசிரியர்கள். அட்டையிலிருந்த 32582657 என்ற அவளது எண் பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாது. அவனுடையது இரட்டைப்படை. “உன்னைப் பாதியாக்க ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை போதும்டா” என்று சீண்டுவாள்.

“அட்டையை நானே வச்சுக்கலாமா?”

“முடியாது சார்” என்றார் எழுத்தர்.

“இந்த எண் வேற யாருக்காவது போகுமா?”

“போகாது. அவங்களோட முடிஞ்சுது. உங்க எண் சொல்லுங்க.”

கடைகளில் தள்ளுபடிக்கு அடையாள எண் கேட்கும்போதெல்லாம் அவள் எண்ணையே சொல்லிப் பழகியவன், அதையே சொன்னான்.

“அது அவங்களுது சார்.”

தன் அட்டையைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. கடைசி இலக்கம் நான்கு. பழக்கத்தில் மனம் அதை இரண்டால் வகுத்தது. சீண்டுவதற்குத்தான் ஆள் இல்லை.