எலுமிச்சை பிழிந்த பால்

அமிர்தத்தின் வீட்டில் பனீர் சாப்பிடலாம், செய்யத்தான் கூடாது. வீட்டுக்கு வந்த பாலைக் கையாலேயே திரிப்பது மகாலட்சுமியைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது மாதிரி என்பது அந்த அம்மாளின் கட்சி. "கடையில விக்கிறதும் யாரோ திரிச்ச பால்தானே அத்தை?" என்று மருமகள் ஜோதி ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். "அந்தப் பாவம் கடைக்காரனோட போகட்டும். நம்ம அடுப்புல வேணாம்" என்று பதில் வந்தது. இதற்கு மேல் ஸ்ரீரங்கத்தில் யார் வாதாடுவது?

அந்த ஞாயிற்றுக்கிழமை அமிர்தம் திருவானைக்காவல் கோயிலுக்குப் போயிருந்தார். ஜோதியோடு வேலை பார்க்கும் ஆரிஃபா தென்னூரிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. ஜோதிக்குக் கை துறுதுறுத்தது. பால் பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்து, எலுமிச்சைச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறினாள். பால் திப்பி திப்பியாகப் பிரிந்து தண்ணீர் தெளிந்தது. மெல்லிய துணியில் வடித்து, புளிப்புப் போக அலசி, மூட்டையாகக் கட்டிக் குழாயில் தொங்கவிட்டாள். மேலே பாரம் வைத்து அழுத்தினால் இறுகிவிடும். அவளுக்கு விரல் பட்டால் உடைகிற பதம் வேண்டும். நீர் வடிந்ததும் உப்பும் மிளகுத்தூளும் தூவி டப்பாவில் எடுத்து ஃபிரிட்ஜுக்குள் மறைத்து வைத்தாள். பாத்திரத்தைக் கழுவ மட்டும் மறந்துவிட்டாள்.

திரும்பி வந்த அமிர்தத்தின் கண் நேராகப் பாத்திரம் கிடந்த தொட்டிக்குத்தான் போயிற்று.

"என்ன ஜோதி, பால் திரிஞ்சு போச்சா?"

"ஆமா அத்தை. காய்ச்சினதும் திரிஞ்சிடுச்சு. வந்த பாலே சரியில்ல போல."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது அந்தப் பொய்! யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

சாப்பிடும்போது தக்காளித் துண்டுகளோடு பனீரைத் தட்டில் வைத்தாள். ஆரிஃபா ஒரு வாய் போட்டுவிட்டு, "மாஷா அல்லாஹ், என்ன சாஃப்ட்டா இருக்கு! நீங்களே செஞ்சதா?" என்று கேட்டாள்.

"கடையில வாங்கினது" என்றாள் ஜோதி, தோழியின் முகத்தைப் பார்க்காமல்.

அமிர்தம் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "எந்தக் கடை? இனிமே அங்கயே வாங்கு."

மறுநாள் காலை பால்காரர் வீரமலை வந்தபோது அமிர்தம் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "நாளையிலேர்ந்து வேணாம்ப்பா. வீட்ல பால் திரியுறது நல்லதுக்கில்ல."

வீரமலை கேனைப் பிடித்தபடி நின்றார். "நம்ம பால் அப்படித் திரியாதுங்களே அம்மா... கேனு கழுவுறது என் வீட்டுக்காரிதான். என்னன்னு கேக்குறேங்க."

ஜோதி உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு எட்டு வைத்து வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காயைத்தான் நறுக்கினாள். அமிர்தத்தின் வாய் சும்மா இருக்குமா? கீழ்வீடும் பக்கத்து வீடும் வீரமலையை நிறுத்திவிட்டன. அவருக்கு வேறு வீடு கிடைக்காமலா போகும் என்று ஜோதி தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் பாக்கெட் பாலில் போட்ட காபியைப் பாதியிலேயே தொட்டியில் ஊற்றினாள்.

ஒரு வாரம் கழித்து, முன்பின் பார்த்திராத ஒரு பெண் தூக்குவாளியோடு மாடியேறி வந்து நின்றாள்.

"நான் வீரமலை வீட்டுக்காரி, இருளாயிங்க. நான் கேன சுடுதண்ணி ஊத்திக் கழுவித்தாங்க குடுத்தேன். இவரு நம்ப மாட்டேங்குறாரு. என் சோம்பேறித்தனத்தாலதான் மூணு வீடு போச்சுன்னு ஒரு வாரமா என்கூடப் பேசுறதில்ல. இந்தப் பாலை உங்க அடுப்புலயே காய்ச்சிப் பாருங்கம்மா."

வாய்க்கு வந்ததைச் சொன்னது ஜோதி. ஏச்சு வாங்கியது எங்கேயோ இருந்த இவள். இருளாயியின் கைகளைப் பார்க்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

அமிர்தம் பாலை அடுப்பில் ஏற்றினார். வெள்ளைவெளேரென்று பொங்கி வந்தது.

"இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார் அமிர்தம். "அன்னைக்குத்தான் சரியில்ல."

இருளாயியின் முகம் வாடிப்போனது. ஜோதி ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து வெட்டினாள். மாமியார் எட்டிக் கையைப் பிடிப்பதற்குள் பாலில் பிழிந்துவிட்டாள்.

"ஐயோ, என்னடி பண்ற!"

"அன்னைக்கும் இதேதான் அத்தை பண்ணினேன். அவங்க பால் நல்ல பால். நீங்க ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டது அந்தப் பால்தான்."

பால் மூவர் முன்னாலும் பிரிந்தது. அமிர்தம் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று ஜோதி காத்திருந்தாள். "கீழ்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நான்ல சொன்னேன்" என்று மட்டும் முனகினார்.

ஜோதி அதை வடித்து, சூட்டோடு சர்க்கரை தூவி இருளாயியிடம் நீட்டினாள். "தப்பு என்னுதுதாங்க. மன்னிச்சிடுங்க."

இருளாயி ஒரு விள்ளல் எடுத்து நிதானமாக மென்றாள். "நல்லாத்தாங்க இருக்கு" என்று தட்டைக் கீழே வைத்தாள். "ஆனா இதை அவருகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு. கீழ வண்டியோடதான் நிக்கிறாரு."

ஜோதி படியிறங்கினாள். பொய் வந்த சுலபத்தில் உண்மை வரவில்லை. பாதிப் படியில் நின்று, சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வண்டியில் சாய்ந்திருந்த வீரமலை அவளைக் கண்டதும் நிமிர்ந்து நின்றார்.

"திரிஞ்சிடுச்சுங்களா அம்மா? எனக்குத் தெரியும்ங்க. அவ சரியா கழுவுறதே இல்ல."