கறுப்புக் காரின் முதல் நிறம்

"அப்பா, வில்மா அத்தை வந்தா மட்டும் ஏன் நம்ம காரைப் போர்த்தி வைக்கிற?" என்று ஹார்லனின் ஆறு வயது மகள் நெல் ஒருநாள் கேட்டாள்.

வில்மா, ஒஹையோவில் எங்கள் ஊர்க் கார்த் தொழிற்சாலையில் ஒன்பது ஆண்டுகள் பெயிண்ட் அடித்தவள். அங்கே பிறந்த எந்தக் காரும், மேலே எத்தனை பூச்சு ஏறியிருந்தாலும், அவள் நான்கடி தூரத்தில் வந்தால் முதல் நிறத்துக்குத் திரும்பும். அவள் நகர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். மற்ற ஊர்க்காரர்கள் டிக்கி விரிப்பைத் தூக்கியும் கதவிடுக்கைச் சுரண்டியும் நிறம் தேடுவார்கள். நாங்கள் வில்மாவை ஒரு நடை வரச் சொல்வோம். பழைய கார்க் கண்காட்சிக்கு அவள் வரும் நேரத்தை விசாரித்து, குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு.

ஹார்லனின் அண்ணன் கிளைட் எங்கள் தொழிற்சாலையில் செய்த புது ஊதா நிறக் கார் ஒன்றை வாங்கி, நான்கு மாதம் ஓட்டிவிட்டு வியட்நாம் போனான், திரும்பவில்லை. பார்க்கப் பொறுக்காமல் அம்மா காரை விற்றுவிட்டார். ஹார்லன் வருடக்கணக்கில் தேடி, அதுதான் இது என்று ஒருவர் சொன்னதை நம்பி, கறுப்படித்த காரை வாங்கினான். முதல் நிறத்தைச் சொல்லும் குறியீட்டுத் தகடு அதில் இல்லை. அவன் எங்கும் சுரண்டிப் பார்க்கவுமில்லை.

மகள் கேட்ட சனிக்கிழமையே போர்வையை எடுத்துவிட்டு வில்மாவைக் கூப்பிட்டான்.

"நிஜமாவே பாக்கணுமா தம்பி? இப்படியே திரும்பிப் போயிடுறேன்."

"வாங்கக்கா. பிள்ளைக்குப் பதில் சொல்லணும்ல."

அவள் வந்தாள். கார் பச்சையானது.

"தவளை மாதிரி இருக்கு" என்றாள் நெல்.

ஹார்லன் அதன்மேல் கைவைத்தான்.

"இனி இதை என்ன செய்யப் போற?" என்று வில்மா கேட்டாள்.

"பதினாலு வருஷம் கூட இருந்திருக்குக்கா. யார் வீட்டுப் பிள்ளையோன்னு வெளிய தள்ள முடியுமா?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

வில்மாவின் கணவர் இறந்த குளிர்காலம் முழுவதும், அவள் எழுவதற்குள் வாசல் பனியை வாரி ஒதுக்கியவன் ஹார்லன். அவன் சொன்னதில்லை. அவள் ஜன்னல் வழியே பார்த்திருந்தாள்.

மறுநாள் ஊரே தேவாலயத்தில் இருந்தபோது, அந்நாளில் தொழிற்சாலையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுவந்த ஊதா பெயிண்டுடன் அவள் ஹார்லன் வீட்டுக்குப் போனாள். டிக்கி மூடியின் உட்புறத்தில், மெல்லிய தூரிகையால் கிளைட் என்று எழுதினாள். அவள் பக்கத்தில் கார் முழுவதும் பச்சையாக நிற்க, அவள் கையாலேயே முதலில் பூசிய அந்தப் பெயர் மட்டும் ஊதாவாகவே இருந்தது. காயும்வரை ஊதி, மூடியை மெல்ல அடைத்துவிட்டு, கடைசிப் பாட்டுக்குத் தேவாலயம் போய்ச் சேர்ந்தாள்.