காட்டேரிக்குக் குரல் கொடுத்தவன்

ஜெரால்டுக்குத் தொண்டை போய்விட்டது என்று கேள்விப்பட்ட அன்று நான் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். அவன் குணமாகக் கூடாது என்று வேண்டிக்கொள்ளவில்லை. அவ்வளவு கெட்டவன் இல்லை நான். அவசரம் ஒன்றும் இல்லை, நிதானமாகவே குணமாகட்டும் என்றுதான் மாதாவிடம் சொன்னேன்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்கிறேன். ராயபுரத்தில் எங்கள் பங்குக் கோயிலை ஒட்டி ஒரு கூடம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் மூத்தோர் சங்கம் அங்கே கூடும். கூடி என்ன செய்வோம்? சர்க்கரை அளவைச் சொல்லிக்கொள்வோம், சமோசா தின்போம், கலைவோம். போன வருஷம் சங்கத்தின் செயலாளர் அருள்பிரகாசத்துக்கு அவர் மகன் ஒரு ஹார்ட் டிஸ்க் நிறையப் பழைய இங்கிலீஷ் பேய்ப்படங்களை ஏற்றிக் கொடுத்தான். லண்டன்காரர்கள் வரிசை வரிசையாக எடுத்துத் தள்ளிய படங்கள். எங்களுக்கு மீசை முளைத்த காலத்தில் காலைக் காட்சியாக ஓடியவை. அருள்பிரகாசம் ஒரு புரொஜெக்டரை வாடகைக்குப் பிடித்தார். சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி வாராவாரம் ஒன்றாகப் போட ஆரம்பித்தார்.

இப்போது பார்த்தால் அந்தப் படங்களில் பயப்பட ஒன்றுமே இல்லை. எல்லாப் படத்திலும் அதே காடு, அதே குதிரை வண்டி, அதே கோட்டை. ரத்தம் ஆசியன் பெயின்ட் சிவப்பில் இருக்கும். சாராயக் கடையில் வெளியூர்க்காரன் ஒருவன் கோட்டைக்கு வழி கேட்பான், உடனே எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். உயரமான காட்டேரி கறுப்பு அங்கியில் வருவான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு புரொபசர் வந்து அவனைக் கொல்வார். அடுத்த படத்தில் காட்டேரி ஒன்றும் நடக்காதது மாதிரி எழுந்து வருவான். நடுவில் புருஷன் என்று ஒருத்தன் இருப்பான். அவன் பெண்டாட்டியைத்தான் காட்டேரி கடிப்பான். புருஷனுக்கு அதில் வேலையே கிடையாது. ஓரமாக நிற்பான், திகைப்பான், புரொபசர் சொன்னதைச் செய்வான். படம் முடிந்ததும் அவன் பேர் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அந்த இங்கிலீஷ் புரியாது. முதல் வாரமே காசிமேட்டில் மீன் விற்கும் குப்பம்மா, "இன்னா பேசறானுங்கன்னே தெர்லியே, பொம்மையப் பாத்துகினு குந்திகினு இருக்கவா வந்தேன்" என்று எழுந்துவிட்டாள். அப்போதுதான் ஜெரால்டு மைக்கை எடுத்தான். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிடையரானவன், பெண்டாட்டியை இழந்தவன், வாய்க்காரன். ஓடுகிற படத்துக்கு ஓட ஓட நம்ம பாஷையில் பேச ஆரம்பித்தான்.

"இன்னாமே, கயுத்துல சிலுவைய மாட்டிகினு தூங்கற? அத்தக் கயட்டு, அலர்ஜி எனுக்கு" என்று காட்டேரி பேசினான். "டோய், அந்தக் கோட்டைக்குப் போவாத, போனவன் எவனும் திரும்பி வந்து கட்டிங் சாப்டதில்ல" என்று சாராயக் கடைக்காரன் பேசினான். கூடமே குலுங்கியது. குப்பம்மா அடுத்த வாரத்திலிருந்து தெருவில் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

என் பெண்டாட்டி ஃப்ளோரன்ஸ் முதல் வரிசையில் உட்கார்ந்து சிரித்தாள். சும்மா சிரிப்பு இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, முடியாமல், பக்கத்தில் இருப்பவள் தோளில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற சிரிப்பு. கல்யாணமான புதிதில் அப்படிச் சிரிப்பாள். அப்புறம் அந்தச் சிரிப்பு எங்கே போனது என்று நான் தேடியதே இல்லை. இப்போது ஜெரால்டு வாயைத் திறந்ததும் அது வந்து நிற்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன பிரயோஜனம், பற்றிக்கொண்டு எரிந்தது.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன். காலையில் மேலே ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவேன். அந்த உயரத்தில் பேச்சுத் துணை கிடையாது. கீழே நிற்கிறவன் கையைக் காட்டுவான். தூக்கு என்றால் தூக்குவேன், நிறுத்து என்றால் நிறுத்துவேன். அதே பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு விரலைத் தூக்குவேன், சோறு போதுமென்றால் உள்ளங்கையைக் காட்டுவேன். பேச்சு எதற்கு, வேலை நடந்தால் சரி என்றுதான் இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானமே ஃப்ளோரன்ஸ் நல்ல புடவை எடுத்து வைக்க ஆரம்பித்தாள். படம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் ஜெரால்டு சொன்னதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பூண்டு உரிக்கும்போது, "அலர்ஜி எனுக்கு" என்பாள், தானே சிரிப்பாள். நான் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன்.

இந்த நேரத்தில்தான் ஜெரால்டின் தொண்டை போனது. அவன் அக்கா பேத்தி கல்யாணத்தில் கத்திக் கத்திப் பாடியிருக்கிறான். பத்து நாள் வாயே திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். என் மெழுகுவர்த்தி அணைவதற்குள் ஃப்ளோரன்ஸ் மிளகு ரசம் வைத்துவிட்டாள்.

"யோவ், இத்தக் கொண்டு போயி ஜெரால்டாண்ட குட்துட்டு வா. சூடு ஆறிடப் போவுது."

என் வீட்டு மிளகு, என் வீட்டுத் தக்காளி, என் கையில் தூக்குச்சட்டி. கொண்டு போய்க் கொடுத்தேன். அவன் கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு ராஜா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னான். ரசத்தைக் குடித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அந்த விரலைக் கடிக்கலாம் போல இருந்தது.

அன்று சாயங்காலமே அருள்பிரகாசத்திடம் போனேன். "இந்த வாரம் மைக்கு நான் புடிக்கிறேன்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? சங்கத்துல சேந்து இத்தினி வருசத்துல சாவியோன்னு பேரு கூப்ட்டா ப்ரசன்ட்டுன்னதத் தவிர நீ பேசுனதே இல்லியே."

"இங்கிலீஷ் எனுக்குத் தெரியும். கப்பல்காரனுங்களோட பேசியிருக்கேன்."

வேறு ஆள் இல்லாததால் சரி என்றார். படத்தை என் போனில் ஏற்றிக்கொண்டேன். ஃப்ளோரன்ஸ் மீன் வாங்கப் போகிற நேரம் பார்த்து மொட்டைமாடியில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பார்த்தேன். எந்த இடத்தில் எந்த வசனம், எந்த இடத்தில் சிரிப்பு என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்தேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கூடம் சிரிக்காவிட்டாலும் போகிறது, முதல் வரிசையில் இருக்கிறவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என் பேச்சுக்கு அப்படிச் சிரிக்க வேண்டும்.

சனிக்கிழமை வந்தது. கூடம் நிறைந்திருந்தது. ஜெரால்டும் மப்ளரோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். வீட்டில் கிடக்க வேண்டியதுதானே என்று நினைத்துக்கொண்டேன். விளக்கை அணைத்தார்கள். நான் மைக்கைப் பிடித்தேன்.

ஆரம்பமே சொதப்பல். வண்டிக்காரன் வசனத்தைக் குதிரை கனைத்த பிறகு சொன்னேன். சாராயக் கடைக்காரனுக்கு யோசித்து வைத்திருந்த தமாஷ், அவன் போய் புரொபசர் வந்த பிறகுதான் வாயில் வந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. "சத்தமாச் சொல்லு நைனா, மீன் வெல மாதிரி காதுல வுழணும்" என்றாள் குப்பம்மா. அதற்குச் சிரித்தார்கள். ஃப்ளோரன்ஸ் திரையைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். ஜெரால்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான்.

எனக்கு எங்கிருந்தோ கோபம் மூண்டது.

அப்போது திரையில் அந்தப் பெண் படுக்கையிலிருந்து எழுந்தாள். காவல் இருக்கிறேன் பேர்வழி என்று புருஷன்காரன் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். காட்டேரி அண்டாமலிருக்க ஜன்னலில் பூண்டு மாலை கட்டியிருந்தது. அவளே அதைக் கழற்றிக் கீழே போட்டாள், அவளே ஜன்னல் கதவைத் திறந்தாள். வெளியே காட்டேரி நின்றான். அந்த இடத்துக்கு, "யாரது, பால்காரனா?" என்று ஒரு தமாஷ் வைத்திருந்தேன். புருஷன் விழித்துக்கொண்டு அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். பால்காரன் எனக்கு மறந்துபோனான்.

"ஏன்மே தொறந்தே?" என்றேன் மைக்கில். "நான் இங்கதானே குந்திகினு கீறேன். எங்கியாச்சும் ஓடிப் போயிட்டேனா? அவன் வந்தாக்கண்டி நல்ல பொடவ கட்ற. அவன் வாயத் தொறந்தா சிரிக்கிற. அவனுக்குத் தொண்ட கட்டிக்கினா ரசம் வெச்சு என் கையிலியே குட்து அனுப்பற. இப்பல்லாம் எனுக்கு ஒரு தபா அப்பிடிச் சிரிச்சிருக்கியா நீ?"

ரசம் என்ற சொல் வாயிலிருந்து விழுந்த பிறகுதான் நான் என்ன பேசிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அதற்குள் கூடத்துக்குத் தெரிந்துவிட்டது. எல்லாத் தலையும் முதல் வரிசைக்குத் திரும்பியது, பிறகு கடைசி வரிசைக்குத் திரும்பியது. ஜெரால்டு மப்ளரை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டான். அருள்பிரகாசம் படத்தை நிறுத்தலாமா வேண்டாமா என்று தெரியாமல் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஃப்ளோரன்ஸ் எழுந்தாள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவள் நிழல் திரையில் விழுந்து காட்டேரியைப் பாதி மறைத்தது. அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"தொறக்காம இன்னா பண்ணச் சொல்ற? உள்ள புழுக்கமா கீது. காலைல எய்ந்தா பேப்பரு, அப்பால டிவி, அப்பால தூக்கம். தண்ணி வோணும்னா வெரலத் தூக்கற, சோறு போதும்னா கையக் காட்ற. நான் இன்னா கிரேனா ஓட்டிகினு கீறேன்? அந்தாளு வாயத் தொறந்து நாலு வார்த்த பேசுனான், நான் சிரிச்சேன். இதுக்கு ஊரக் கூட்டி மைக்கு போட்டுக் கேக்கறியா?"

கிரேன் என்றதும் யாரோ களுக்கென்று சிரித்து உடனே அடக்கிக்கொண்டார்கள். அவள் உட்கார்ந்தாள். திரையில் இங்கிலீஷில் என்னென்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பால இன்னாச்சு நைனா?" என்றாள் குப்பம்மா. அவளுக்குக் கதை முக்கியம். "அவன் உள்ள வந்தானா இல்லியா?"

"வந்துட்டான்" என்றேன்.

மீதிப் படத்தை நான்தான் சொன்னேன். தமாஷ் எதுவும் சேர்க்கவில்லை, நடந்ததை நடந்தபடி சொன்னேன். புரொபசர் வந்தார், நெஞ்சில் கட்டையை அடித்தார், காட்டேரி சாம்பலானான். விளக்கைப் போட்டதும் எல்லோரும் என் முகத்தைப் பார்க்காமல் சமோசா எடுக்கப் போனார்கள். ஜெரால்டு முன்னாலேயே கிளம்பிப் போயிருந்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஃப்ளோரன்ஸ் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இருட்டியும் புழுக்கம் இறங்காத நேரம். தெருவில் பார்த்தவர்களுக்கெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"அத்த வூட்ல கேட்டிருக்கலாம்."

நானும் செருப்பைக் கழற்றினேன்.

"ஜெரால்டு மேல எனுக்கு இன்னா கீது? ஒண்ணுங் கெடையாது. அந்த எடத்துல யாரு பேசியிருந்தாலும் சிரிச்சிருப்பேன். எதுத்த வூட்டு கேபிள்காரன் பேசியிருந்தாலும் சிரிச்சிருப்பேன்."

என்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னாள். ஆனால் அது என்னை அடித்துப் போட்டுவிட்டது. ஜெரால்டு மேல் பொறாமைப்படுவது சுலபமாக இருந்தது. அவனுக்கு வாய் இருக்கிறது, எனக்கு இல்லை, நான் என்ன செய்ய முடியும் என்று இருந்துவிடலாம். இப்போது யாராக இருந்தாலும் போதும் என்கிறாள். வாயைத் திறந்த யாராக இருந்தாலும். ஊரில் அத்தனை பேருக்கும் அந்த வாய்ப்பு இருந்திருக்கிறது, அவள் கூடவே இருந்த எனக்கு எல்லோரையும் விட அதிகமாக இருந்திருக்கிறது. இனி நான் யார் மேல் பொறாமைப்படுவது?

அவள் ஃபேனைப் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

"சரி, பேசு. இப்ப மைக்கு இல்ல, ஊரு இல்ல. நான் மட்டுந்தான் கீறேன். இன்னா வோணா பேசு."

யோசித்தேன். துறைமுகத்தில் பார்த்தது எவ்வளவோ இருந்தது. சொல்லாமல் விட்டது எவ்வளவோ இருந்தது. அவளும் அவசரப்படுத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் வாயைத் திறந்தேன்.

"அந்த ஜெரால்டு தலைக்கு மை அடிக்கிறானா இல்லியா? நெஜத்தச் சொல்லுமே."

ஃப்ளோரன்ஸ் என்னை ஒரு கணம் வெறித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். முந்தானை எட்டாமல் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, நாற்காலியில் ஒருக்களித்துச் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு முட்டச் சிரித்தாள். என் வீட்டுக்குள், என் பேச்சுக்குத்தான் சிரித்தாள். ஆனால் அவன் பேரைச் சொன்னதும் வந்த சிரிப்பாயிற்றே என்று எனக்கு உள்ளே எரியத்தான் செய்தது. எரிச்சலை வெளியே காட்டாமல் அவள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.