யாருக்குச் சங்கடம்?

எனக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் பள்ளிக்கூட மானேஜர் சிவனணைந்தபெருமாள் பிள்ளை கூப்பிட்டனுப்பினார். தென்காசியில் அவர் நடத்திய பெண்கள் பள்ளியில் நான் தமிழ் டீச்சர். நிமிராமல் மேசையைப் பார்த்தே பேசினார்.

"கோமதி டீச்சர், நீங்க இப்படி வயித்தோட வகுப்புல நிக்கது பாக்குதவங்களுக்குச் சங்கடமா இருக்கும்லா. லீவு எழுதிக் குடுத்துருங்க."

அவர் மைத்துனர் மகள் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்தால் என் நாற்காலியில் அவள் உட்காருவாள், பிறகு எழுந்திருக்க மாட்டாள். என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது.

யாருக்குச் சங்கடம் என்று கேட்டேன். பொதுவாகச் சொன்னேன் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்குப் பொதுவாகத் தலை வலிக்குமா? சங்கடமும் அப்படித்தான், பட்டவர் என்று ஒருவர் இருக்க வேண்டும். அவரைக் கண்டுபிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வளைகாப்பு. பிள்ளைத்தாய்ச்சி தானே போய் அழைக்கிற வழக்கம் இல்லை. மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இருக்கட்டும் என்று என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்களை வீடு வீடாகப் போய் அழைத்தேன். மானேஜர் மனைவி கல்யாணசுந்தரி ஆச்சியையும் விடவில்லை.

வளையல் போட்ட ஒவ்வொருவரிடமும், நான் வகுப்பில் நிற்பது உங்களுக்குச் சங்கடமா என்று கேட்டேன். சிலர் சிரித்தார்கள். வயல் வேலைக்குப் போகும் பேராச்சிக்குக் கோபமே வந்துவிட்டது.

"நாத்து நடுகையிலதான் எனக்கு வலி கண்டுச்சு. வயலா சங்கடப்பட்டுச்சு?"

ஆச்சி என் கன்னத்தில் சந்தனத்தைப் பூசிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"சாரல் விழுந்தா எங்க வீட்டுக்காரவுக குத்தாலத்துல துண்டைக் கட்டிக்கிட்டு, தொந்தில எண்ணெ வழிய, ஊரு பாக்க நிக்காவ. அந்த வயித்தப் பாத்து யாரும் சங்கடப்படலியே. நீ போய் நில்லு."

பிரசவம் வரை வளையலைக் கழற்றக் கூடாது. திங்கட்கிழமை முழங்கை வரை குலுங்கப் போனேன். மானேஜர் லீவுக் கடிதத்துக்குக் கையை நீட்டினார். நானும் கையை நீட்டினேன்.

"இந்தப் பச்சை வளையல் உங்க வீட்டம்மா போட்டது சார். எல்லார்ட்டயும் கேட்டுட்டேன், ஒருத்தருக்கும் சங்கடம் இல்ல. மிச்சம் நீங்கதான். உங்களுக்குச் சங்கடமா இருந்தா நீங்க லீவு போடுங்க."

பதிலுக்கு நிற்காமல் வகுப்புக்குப் போனேன். வலி எடுத்த நாள் வரை அந்தப் பள்ளிக்கூடத்தில் என் வளையல் சத்தம் கேட்டது.