இருபதாம் லெவலில் ஒரு கடை

செத்தவனை எழுப்பி உட்காரவைக்க இருபத்தைந்தாயிரம் பொற்காசு ஆகும் என்று பல் டாக்டர் சொன்னது, தேநீர்த் தட்டோடு மாடியேறி வந்த அக்காவின் காதில் விழுந்தது.

அவள் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். தம்ளர்கள் ஒன்றோடொன்று மோதாமல் தட்டை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். பூட்டு மொத்த வியாபாரத்தில் தலை நரைத்தவள். வாயைக் கொடுத்து வாங்குவதைவிடக் காதைக் கொடுத்து வாங்கும் சரக்கில்தான் லாபம் அதிகம் என்பது அவள் அனுபவம்.

"அதுவும் ரொக்கமா ஆகாது, வைரமா இருக்கணும்," என்று டாக்டர் உள்ளே தொடர்ந்தார். "வைரமும் வந்துச்சே. அப்புறமும் வரமாட்டேன்னுட்டானே. அப்பவே நமக்கு உறைச்சிருக்க வேணாம்?"

"மெதுவா பேசுங்க. அந்தம்மா காதுல விழுந்துடப்போகுது." இது கணக்கு டீச்சர்.

"விழுந்தா விழட்டும் டீச்சர். பெட்டியை எடுத்தாகணும்ல? ரூமைப் பூட்டி வச்சிருக்காங்க." இது லிஃப்ட் மெக்கானிக்.

"பூட்டு எப்படி?" என்றார் டாக்டர்.

"அவங்க கடைச் சரக்கு. நெருங்க முடியாது."

அந்த ஒரு விஷயத்தில் அக்காவுக்குத் திருப்தி. மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம்.

கீழே முன்னறையில் தம்பி படுத்திருந்தான். நேற்று டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தவன், ஒரு கால் செருப்பைக் கழற்றியவன், அடுத்த காலுக்குக் குனியும்போது அப்படியே சரிந்துவிட்டான். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். கல்யாணம் காட்சி எதுவும் பண்ணிக்கொள்ளாமல் அவள் வீட்டு மாடியிலேயே காலத்தைத் தள்ளியவன். இந்த மூன்று பேரும் சனிக்கிழமை தவறாமல் அவனைத் தேடி வருவார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள், பகடை உருளும் சத்தம் கீழே வரைக்கும் கேட்கும். அவள் ஒருமுறை கேட்டே விட்டாள். "காசு வச்சு ஆடலக்கா," என்றான். காசு வைக்காத சூதாட்டத்தை அவள் எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

இன்று காலையில் சொந்தக்காரர்களுக்கு முன்னாலேயே இந்த மூவரும் வந்துவிட்டார்கள். அழுதார்கள், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அழுகைக்கு நடுவில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மயான வண்டிக்காரன் ஒரு தொகை சொல்லி, "இது கடைசி விலைம்மா," என்றபோது, "கடைசி விலையை நான் சொல்றேன், நீ முதல் விலையைச் சொல்லு," என்றாள் அவள். அவள் சொல்லி முடிப்பதற்குள் டீச்சரின் உதடும் அதே சொற்களைச் சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது. மெக்கானிக் டாக்டரின் கையைப் பிடித்து அழுத்தினான். முன்பின் பேசிப் பழகாதவர்களுக்குத் தன் வாய்ச்சொல் எப்படித் தெரியும்? ஒருவனைக் கவிழ்க்க நினைப்பவன் முதலில் அவன் வீட்டு நாய்க்குத்தான் பெயர் கேட்பான்.

அக்கா கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தட்டை மேஜையில் வைத்துவிட்டு, தம்பியின் பூட்டிய அறைக்கதவில் முதுகு படும்படி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"குடிங்க. ஆறிப்போச்சுன்னா சர்க்கரை மட்டும்தான் தெரியும்."

மூவரும் எடுத்துக்கொண்டார்கள். ஒருவரும் குடிக்கவில்லை.

"சரி, எந்தப் பெட்டி?"

"ஒண்ணுமில்லக்கா, ஒரு மரப்பெட்டி. எங்க சாமான் கொஞ்சம் அதுல இருக்கு," என்றான் மெக்கானிக்.

"ஒண்ணுமில்லாத பெட்டிக்கா காலையிலேருந்து பூட்டைத் தடவிக்கிட்டிருந்த? வைரம் யாரோடது?"

டாக்டருக்கு எச்சிலே புரையேறியது. ஊரார் வாயைத் திறக்கச் சொல்லியே பிழைக்கிறவர், இப்போது தன் வாயைத் திறக்க முடியாமல் தவித்தார்.

"இருபத்தஞ்சாயிரம் எவன் கேட்டான்? எந்தச் சாமியார்? என் தம்பிகிட்ட எவ்வளவு கறந்தீங்க?"

"ஐயோ அக்கா, அது ஆட்டத்துல!" என்று டீச்சர் எழுந்தே விட்டார். "நிஜக் காசு இல்ல. நிஜ வைரம் இல்ல. உங்க தம்பி கதை சொல்லுவார். அந்தக் கதைக்குள்ள நாங்க மூணு பேரும் ஆளுக்கொரு வேஷம். நான் திருடி, இவன் மந்திரவாதி, டாக்டர் பூசாரி. என்ன செய்யறோம்னு நாங்க சொல்லுவோம், நடக்குதா இல்லையான்னு பகடை சொல்லும். அந்தப் பகடையும் அவர் எழுதி வச்ச கதையும்தான் பெட்டியில. அவ்வளவுதான்."

"பன்னெண்டு வருஷமாவா?"

"ஒரே கதைக்கா."

"முடியாத கதைன்னு சொல்லு."

"முடிய வேண்டிய கதைதான்," என்றான் மெக்கானிக். பேச்சு தன் பக்கம் வந்ததும் அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "முதல் லெவல்ல எலி கடிச்சாலே செத்துடுவோம்க்கா. ஒரு முழம் கயிறு வாங்க வக்கிருக்காது. அப்படியே அடிபட்டு மிதிபட்டு ஏறி ஏறி இருபதாம் லெவலுக்கு வந்தாச்சுன்னு வைங்க, அப்புறம் எங்களை எதுவும் அசைக்க முடியாது. கதவா? திறக்கவே வேண்டாம், சுவத்துக்குள்ளயே நடந்து போயிடுவேன்."

"அப்ப என் வியாபாரம்?"

அவன் தன்னை மறந்து சிரித்துவிட்டு, கீழே யார் படுத்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டான்.

"அந்த இடத்துலதான் ஆட்டம் படுத்துடும். சாவுன்னாகூட பயம் இருக்காது. யாராவது செத்தா வைரத்தை வச்சு டாக்டர் மந்திரம் சொல்லுவார், எழுந்து வந்துடுவோம். நிறையப் பேரு அந்த இடத்துல நிறுத்திட்டு மறுபடி எலிக்கடியிலேருந்து ஆரம்பிப்பாங்க. உங்க தம்பி விடல. மலை மலையா அரக்கனைக் கொண்டுவந்து பார்த்தார். டீ ஆறுறதுக்குள்ள முடிச்சுட்டோம். மறுவாரம் ஒரு கடையைத் திறந்தார்."

"என்ன கடை?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்காவுக்கு மறுபடி மூக்கில் வியர்த்தது.

"உலகத்துல எங்கயும் கிடைக்காதது அங்க மட்டும் கிடைக்கும்," என்றார் டீச்சர். "கல்லாவுல ஒரு பொம்பளை. இடுப்புல சாவிக்கொத்து. அவ்வளவுதான். கத்தி இல்ல, மந்திரம் இல்ல. மூணு வருஷமா அவங்களை ஒருதடவைகூட எங்களால ஜெயிக்க முடியல."

"மந்திரவாதின்னு சொன்னானே இவன், வசியம் பண்ண வேண்டியதுதானே?"

"பண்ணினேனே!" என்றான் மெக்கானிக். "'வசியம் பண்ணிட்டியா? சரி, இனிமே நீ எனக்குச் சொந்தக்காரன். சொந்தக்காரனுக்கு இந்தக் கடையில கடன் கிடையாது'ன்னுட்டாங்க."

"நான் திருடிப் பார்த்தேன்," என்றார் டீச்சர். "பெட்டியைத் தூக்கிட்டு நாடு விட்டு நாடு ஓடிப்போய்த் திறந்தேன். உள்ள என் பேருக்கு பில் இருந்தது."

அக்காவின் உதட்டோரம் ஒரு கணம் அசைந்தது. உடனே அடக்கிக்கொண்டாள்.

"நியாயமான பொம்பளைதான்," என்றாள்.

"பொற்காசு வாங்கவே மாட்டாங்க. 'உங்ககிட்ட நிறைய இருக்கறதை எனக்கு எதுக்குத் தர்றீங்க?'ன்னு கேப்பாங்க. ஒருதடவை டாக்டர்கிட்ட ஒரு மாசத்துச் சிரிப்பை விலையாக் கேட்டாங்க. மனுஷன் நாலு சனிக்கிழமை உம்முன்னு உட்கார்ந்திருந்தார். சாவு பயம் போன எங்களுக்கு, அந்தக் கடைப் படியேறுறதுக்குத்தான் பயம்."

யாருடைய கடை என்று அக்கா கேட்கவில்லை. சரக்கு எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வருஷக்கணக்கில் மாலை வேளைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவள் வியாபாரம் பேசுவதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவன் தம்பி. வேலைவெட்டி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்திருந்தாள். களவாணிப் பயல்.

ஆனால் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பேச்சை நன்றாக வளர்த்து, சரக்கை மட்டும் கண்ணில் காட்டாதவனை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

"வைரத்துக்கு வாங்க."

டீச்சர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்தக் கடையில விளக்கேத்தறதுக்கு ஒருத்தன் இருந்தான். கடைக்காரியோட தம்பி. அவங்க இல்லாத நேரத்துல எங்களுக்குத் தள்ளுபடி கொடுப்பான், அதனால எங்களுக்கு அவன்மேல உசிரு. போன மாசம் அவன் செத்துட்டான். சண்டையில இல்ல. சும்மா, சீக்குல. சரி, எழுப்பிடலாம்னு டாக்டர் சொன்னார். வைரம் வேணும். உலகத்துலயே மிச்சம் இருந்த ஒரு வைரம் அவங்க கடையிலதான் இருந்தது. என்ன விலை கேக்கப்போறாங்களோன்னு நடுங்கிக்கிட்டுப் போனோம். அவங்க வாயே திறக்கல. எடுத்துக் கையில கொடுத்துட்டாங்க. முதல் தடவையா விலையே சொல்லல."

"அப்புறம்?"

"எழுப்பறதுக்கு ஒரு விதி இருக்கு. செத்தவன் சம்மதிக்கணும். வர இஷ்டமான்னு டாக்டர் கேட்டார். அந்தத் தம்பியோட குரல்ல உங்க தம்பிதான் பேசணும். 'வரல'ன்னார்."

"ஏனாம்?"

"'அக்காகிட்ட அது ஒண்ணுதான் உபரியா இருக்கு. நாளைக்கு அவளுக்கே தேவைப்பட்டா என்ன பண்ணுவா? நான் எழுந்து வந்து விளக்குதானே ஏத்தப்போறேன்'னார். நாங்க சண்டை போட்டோம். டாக்டர் பகடையைத் தூக்கி எறிஞ்சார். அவர் அசையல."

கீழே அவள் வீட்டுக்காரர் யாருக்கோ போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தார், இடது, இடது, மறுபடி இடது.

போன மாசம். அதற்கு முந்தின வாரம்தான் அவள் ஆஸ்பத்திரியில் கையை நீட்டிப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். ரெண்டு கிட்னி வைத்துக்கொண்டு என்னத்தை வாரிக் கட்டப்போகிறேன், ஒன்றை எடுத்துக்கோ என்று அவள்தான் ஆரம்பித்தாள். முடிவை வாங்கி வந்தவன் தம்பி. வாரத்தில் பாதி நாள் அங்கேதானே கிடக்கிறான். கடைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து, ஒரு பூட்டை எடுத்துத் திறந்து மூடிக்கொண்டே, "பொருந்தலையாம்க்கா," என்றான்.

அவள் சரி என்றாள்.

முதல் விலைக்குச் சரி என்று அவள் வாழ்க்கையில் சொன்னது அந்த ஒரு தடவைதான். காய்கறிக்காரனிடம்கூட மூன்று முறை திருப்பிக் கேட்கிறவள், அந்தத் தாளைக் காட்டு என்று ஏன் கேட்கவில்லை? காலையிலிருந்து வீட்டுக்குள் வந்த ஒவ்வொருவர் மேலும் விழுந்து எழுந்த சந்தேகம், இப்போது சுற்றிவந்து அவள் மடியிலேயே உட்கார்ந்தது. அவள் அதைக் கீழே இறக்கிவிடவில்லை. ஆனால் வியாபாரம் பாதியில் நிற்கிறது, முதலில் அது முடியட்டும்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் விலை சொல்கிறவன் சரக்கைத்தான் பார்ப்பான், ஆளைப் பார்க்கமாட்டான்.

"டாக்டர்," என்றாள் அக்கா, எங்கோ மழை பெய்கிறது என்பதுபோல. "பொருந்திச்சுன்னு அவன் என்கிட்ட சொல்லிட்டான்."

டாக்டர் நிமிர்ந்தார்.

"சொல்லிட்டானா? எப்ப? எங்ககிட்ட சத்தியம் வாங்கினானேக்கா... அந்தத் தாளை என்கிட்டதான் முதல்ல கொண்டுவந்தான். அவ்வளவு அருமையாப் பொருந்தியிருந்துச்சு, போய் உடனே ஆபரேஷனுக்குப் படுடான்னு காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினேன். நீங்களாவது அடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கக்கூடாதா? தெரிஞ்சும் எப்படி..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாது," என்றார்.

"இப்பத் தெரியும்."

டீச்சர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மெக்கானிக், "இவங்ககிட்ட போய் வாயைக் கொடுத்தீங்களே டாக்டர்," என்று முணுமுணுத்தான். மூன்று வருஷமாகத் தோற்றுப் பழகியவனின் குரல் அது.

அக்கா எழுந்து தம்ளர்களைத் தட்டில் அடுக்கினாள். மூன்றும் குடிக்காமல் நிறைந்தே இருந்தன. ஒன்று கையில் கொஞ்சம் தளும்பியது. துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு அருமையா?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்னதுக்கா?"

"பொருந்தியிருந்துச்சுன்னீங்களே."

"கூடப் பிறந்தவங்களுக்குள்ளகூட அப்படி அமையறது அபூர்வம்," என்றார் டாக்டர்.

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரர் மாடிப்படியின் அடியிலிருந்து அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா, அந்தப் பெட்டி..." என்று மெக்கானிக் இழுத்தான்.

"இங்கேயே இருக்கும். பூட்டு நல்ல பூட்டு."

"எங்களுக்குத் தருவீங்களா?"

"சனிக்கிழமை வாங்க, பேசுவோம்."

"என்ன விலைன்னு..."

"வந்து பேசுன்னேன்ல?"

கீழே வண்டிக்காரன் பேரத்தில் விலையைக் குறைத்த கோபத்தில் தனியாகவே வந்திருந்தான். "தூக்கிவிட ஆள் கிடையாது, அந்த விலைக்கு வண்டி மட்டும்தான்," என்றான். வீட்டுக்காரர் வாசலில் நின்று எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று வழி காட்ட ஆரம்பித்தார். அது அவருக்குக் கைவந்த கலை. ஸ்ட்ரெச்சருக்குக் கைப்பிடி நான்கு. டாக்டர் ஒன்றைப் பிடித்தார். டீச்சர் முந்தானையைச் செருகிக்கொண்டு ஒன்றைப் பிடித்தார். மெக்கானிக் தலைமாட்டில் ஒன்று. அவனுக்கு எதிரில் ஒன்று காலியாக இருந்தது.

"நீங்க விடுங்கக்கா, பாரம்," என்றான் மெக்கானிக். "பக்கத்து வீட்டுல யாரையாவது கூப்பிடறேன்."

அக்கா சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு குனிந்தாள். நான்கு பேரும் ஒரே மூச்சில் தூக்கினார்கள். வாசலில் ஒருமுறை, படியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்கள். அவள் கைமாற்றிக் கொள்ளவில்லை. வண்டியின் தட்டில் ஸ்ட்ரெச்சரை வைத்து உள்ளே தள்ளியதும் மற்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவள் வண்டிக் கதவைப் பிடித்தபடி மெல்ல நிமிர்ந்தாள்.

இடுப்புக்கு மேலே, முதுகோரத்தில் வலித்தது. இடப்பக்கம் கை வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு வலப்பக்கம். இரண்டும் சரிசமமாக வலித்தன.