கற்பகவல்லி பக்கத்து இடம்

கற்பகவல்லிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆராதனையை முடித்தவர்களுக்கு அடுத்த சனிக்கிழமை வரை உடம்பு காயாது. எம். புதுப்பட்டியில் இது எல்லோரும் அறிந்த சங்கதி. கத்திரி வெயிலிலும் பின்கழுத்தில் நீர் கோத்து நிற்கும், தலைமுடி சொட்டும். சளி, காய்ச்சல் ஒன்றும் வராது.

இது தொடங்கியது அவள் புருசன் வெள்ளைத்துரை பட்டாசுக் கம்பெனி வெடி விபத்தில் செத்த வருடம். அதுவரை அவளுக்கும் வேதக்கோயிலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் சபைப் பெண்கள் முறை வைத்து நாற்பது நாள் அவளுக்கும் மகள் எழிலுக்கும் சோறு கொண்டுவந்தார்கள். அடுத்த ஞாயிறு அவளாகவே கோயிலுக்குப் போய், சோறு கொண்டுவந்தவர்களில் ஒருத்தியான மாரிச்செல்வியின் தோளில் சாய்ந்து அழுதாள். அந்தத் தோள் காயவேயில்லை. வியாழக்கிழமை மாரிச்செல்வி வேலை பார்த்த அறையில் வெடிமருந்து தீப்பிடித்து மூன்று பேர் வெந்துபோனார்கள். மாரிச்செல்வி சேலை முந்தியைப் பிழிந்துகொண்டே வெளியே நடந்து வந்தாள்.

பிறகு கேட்கவா வேண்டும். கற்பகவல்லி பக்கத்தில் உட்கார அடிபிடி நடந்தது. போதகர் பெயர் எழுதி முறை வைத்தார். மூன்று வருடம் சபையில் ஒருவருக்கும் தீக்காயம் கிடையாது. தன் துக்கம் நாலு பேருக்கு உதவுகிறதே என்று அவளும் கொஞ்சம் தேறினாள். ஆனால் ஈரக்கை பட்ட மருந்து நமுத்துப்போகும் அல்லவா? சரவெடி பாதியில் அணைகிறது என்று லோடு லோடாகச் சரக்கு திரும்பி வந்தது. போர்மேன் உக்கிரபாண்டி காலையில் கம்பெனி வாசலில் நின்று, ஒவ்வொருவர் பின்கழுத்திலும் ஒரு துண்டுத் தாளை ஒற்றிப் பார்க்க ஆரம்பித்தான். தாள் நனைந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். சீசனில் ஒரு வாரம் நின்றால் அறையில் இடம் வேறொருவருக்குப் போய்விடும். கோயிலில் அவளைச் சுற்றி இரண்டு பாய் காலியானது. மாரிச்செல்விகூடத் தூரத்திலிருந்தே தலையாட்டினாள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கற்பகவல்லியைத் தின்றது அதுவல்ல. அப்பன் செத்த வேலைக்கே மகளும் போய்க்கொண்டிருந்தாள். கோயிலில் அவளும் தள்ளித்தான் உட்கார்ந்தாள். "நனைஞ்சுக்கிட்டு வீட்டுல குத்தவச்சா அடுப்பு எரியுமாம்மா?" என்று கேட்டாள் எழில்.

போன புரட்டாசியில் கோயில் அசனம் வந்தது. வீட்டுக்கு வீடு அரிசி கொடுத்து, ஒன்றாய் ஆக்கி, எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் ஊரே பந்தியில் உட்காரும் சாப்பாடு அது. சபைக் கமிட்டியார் வந்து, "இந்த வருசம் நீங்க அரிசி போட வேண்டாம்க்கா. சும்மா வந்து சாப்பிடுங்க, போதும்" என்றார்கள். அவள் கை அரிசியிலும் அந்த ஈரம் ஏறிவிடுமோ என்று பயம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவள் குன்றிப்போனாள். ஆக்குகிறவர்கள் விறகெடுக்கப் போன நேரத்தில் மடியிலிருந்த அரிசியை அண்டாவில் போட்டாள். செய்தது சரியா என்று கேட்டால் இன்றைக்கும் பேச்சை மாற்றிவிடுவாள்.

திங்கட்கிழமை உக்கிரபாண்டியின் தாள் எல்லாம் நனைந்தது. ஊரே ஈரம். அசனச் சோறு தொடாதவள் எழில் ஒருத்திதான். அசனம் நடந்த ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருந்தாள். "நீ மட்டும் வா தாயி" என்றான் உக்கிரபாண்டி. சனிக்கிழமை கலந்து மிஞ்சிய மருந்து அறையில் கிடந்தது. கலந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக்கூடாது என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். ஆர்டர் அவசரம் என்று வைத்திருந்தார்கள்.

எழில் மட்டும் அந்த அறைக்குள் போனது, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சொல்லித்தான் கற்பகவல்லிக்குத் தெரிந்தது. ஓடினாள். வாட்ச்மேனைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் போய் மகளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"எந்திரிச்சுப் போம்மா. என் வேலையக் கெடுக்காத."

"கோயில்லதான் என் பக்கத்துல உக்கார மாட்டேங்க. இங்கன நான் வந்து உக்காந்துட்டேன். என்ன செய்வ?"

எழில் தள்ளி உட்கார்ந்தாள். அம்மாவும் நகர்ந்து ஒட்டினாள். சுவர் வரை போயாயிற்று. எழிலின் கழுத்து நனைந்த சற்று நேரத்தில் மூலையிலிருந்த மருந்து தானாகப் புகைந்து வெடித்தது. கூரை பறந்தது. மண்வாளியோடு ஓடி வந்தவர்கள் பார்த்தபோது, நாலு சுவரும் இல்லாத இடத்தில் இருவரும் சொட்டச் சொட்ட உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனிக்கு சீல் வைத்தார்கள். முந்நூறு பேருக்கு வேலை போனது. அந்தத் தீபாவளிக்கு ஊரில் ஒருவருக்கும் புதுத்துணி இல்லை. குழாயடியில் கற்பகவல்லி காதுபடவே பேசினார்கள். உயிரோடிருப்பதற்கு ஒருவரும் நன்றி சொல்லவில்லை.

தீபாவளி கழிந்த ஞாயிறு எழில் கோயிலுக்குத் தாமதமாக வந்தாள். அம்மாவோடு இன்னும் பேச்சு வார்த்தை இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கும்போது, பின்னாலிருந்து மாரிச்செல்வி எழுந்து வந்தாள். வேலை போன ஆத்திரம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காரு, எழிலு" என்று இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, சேலை முந்தியைத் தலையில் போட்டுக்கொண்டாள்.